மேட்டுத் தெருக் கிணத்துப் பூட்டு

எங்க அக்கா கிணத்துக்குப் பூட்டு போட்டா. மேட்டுத் தெரு மொத்தத்துக்கும் பொதுவான கிணறு அது. கம்பி வலையில மூடி செஞ்சு, அதுல ஒரு பூட்டைத் தொங்கவிட்டு, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டது எங்க அக்காதான். யாரும் அவளைக் கேட்டுக்கல. யாரும் கேட்டுக்காத வேலையை இழுத்துப் போட்டுக்கிட்டு, அப்புறம் அதுக்கு அதிகாரம் பண்றது அவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே கைவந்த கலை.

பூட்டு யாருக்காகன்னா, எங்களுக்காக. பள்ளத் தெருக்காரங்களுக்காக. நான் வாக்கப்பட்டது பள்ளத் தெருவுல. அக்கா மேட்டுத் தெருவுல. ரெண்டுக்கும் நடுவுல ஒரு பழைய தொழிற்சாலை மூடிக்கிடக்கு. இரும்புச் சாமான்ல ஒட்டியிருக்கிற எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க அங்க ஒரு திரவம் வெச்சிருந்தாங்க. பிசுக்கை எடுத்து எடுத்து அது அழுக்கானதும் பின்பக்கக் குழியில கொட்டிடுவாங்க. வருஷக்கணக்கா கொட்டினாங்க. ஒருநாள் முதலாளி கதவைச் சாத்திட்டுக் கம்பி நீட்டிட்டான். குழியைத் தூக்கிட்டுப் போக முடியாதே, அது எங்களுக்குன்னு நின்னுடுச்சு.

அந்தக் குழியைச் சுத்தம் பண்ற கம்பெனியிலதான் எனக்கு வேலை. நான் ஜியாலஜி படிச்சவ. பூமிக்கு அடியில எங்க மணல் இருக்கு, எங்க களிமண் இருக்கு, தண்ணி எந்தப் பக்கம் நகருது, விஷம் எந்தப் பக்கம் நகருதுன்னு பார்த்துச் சொல்லணும். நான் காட்டுற இடத்துல போர் போட்டு விஷத்தண்ணியை உறிஞ்சி எடுப்பாங்க. இடத்தைத் தப்பாக் காட்டினா, நல்ல தண்ணியை உறிஞ்சிட்டு விஷத்தை அங்கயே விட்டுட்டு வருவாங்க. அவ்வளவுதான் என் படிப்பு. என் மாமியார் இதை 'மண்ணு மோந்து பார்க்கிற உத்தியோகம்'னு சொல்லுவாங்க. கிண்டல்தான், ஆனா தப்பில்ல.

பள்ளத் தெருக் கிணறு ஒண்ணுகூடக் குடிக்க லாயக்கில்லைன்னு எழுதிக் கொடுத்ததே நான்தான். சொந்தத் தெரு வாயில நானே மண்ணைப் போட்டேன்னு தெருவே ஏசிச்சு. அதுக்குப் பதிலா லாரித் தண்ணி வரும்னாங்க. வந்துச்சு, அதுக்கு மனசு வந்த நாள்ல மட்டும். வராத நாள்ல எங்க ஆளுங்க குடத்தைத் தூக்கிட்டு மேட்டுத் தெருக் கிணத்துக்குப் போனாங்க. வேற எங்க போவாங்க? அது எந்தக் கோடையிலயும் வத்தாத கிணறு.

அந்தக் கிணறு சுத்தம்னு சொன்னது எங்க கம்பெனி. எங்க பெரிய அதிகாரிக்கு 'அம்புக்குறி'ன்னு நாங்க பேரு வெச்சிருந்தோம். எந்தப் படத்தைக் கையில கொடுத்தாலும் மேட்டுலேர்ந்து பள்ளத்துக்கு நீலப் பேனாவால அம்பு போட்டுடுவார். "தண்ணி மேட்டுலேர்ந்து பள்ளத்துக்குத்தான் போகும்மா. விஷமும் அதோடதான் போகும். மேட்டுப் பக்கம் நமக்கு வேலையே இல்ல"ம்பார். வேலை ஆரம்பிச்ச புதுசுல மேட்டுத் தெருக் கிணத்துல மேலாப்புல ஒரு பாட்டில் மொண்டு லேபுக்கு அனுப்பினாங்க. சுத்தம்னு வந்துச்சு. அன்னையிலேர்ந்து அந்தக் கிணறுதான் எங்களுக்கு அளவுகோல். மத்த கிணறு எவ்வளவு கெட்டிருக்குன்னு அதை வெச்சுத்தான் பார்ப்போம். அளவுகோலை யாராவது திரும்ப அளப்பாங்களா? அளக்கல.

நானும் தலையாட்டினேன். இந்தத் திரவம் தண்ணியை விடக் கனம், மிதக்காது, மணல் வழியா இறங்கி இறங்கிக் கடைசியில களிமண் மேல போய்த்தான் உட்காரும்னு எனக்குத் தெரியும். களிமண் எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் வழியும், மேலே தண்ணி எந்தப் பக்கம் போனாலும் அதுக்குக் கவலையில்லைன்னும் தெரியும். ஆனா நாங்க போட்ட போர்லயெல்லாம் களிமண்ணும் பள்ளத் தெருப் பக்கமாத்தான் சாய்ஞ்சிருந்துச்சு. போட்டதெல்லாம் பள்ளத் தெருவுலதான், பின்னே எப்படி இருக்கும்?

பூட்டு போட்ட மறுநாள் என் மாமியார் குடத்தோட அங்க போனாங்க. சம்பந்தி வீடாச்சே, தங்கச்சி மாமியாருக்கு ஒரு குடம் தர மாட்டாளான்னு ஒரு நம்பிக்கை. நானும் கூடப் போனேன். அப்போ எனக்கு மூணாம் மாசம்.

இந்த மூணாம் மாசத்தைப் பத்திச் சொல்லியாகணும். கல்யாணம் ஆகி ரொம்ப வருஷம். இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தங்கிக் கலைஞ்சு போச்சு. ரெண்டாவது தடவை ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தப்புறம், பக்கத்து வீட்ல குழந்தை அழுதாக்கூட ஜன்னலைச் சாத்திட்டு உட்கார்ந்திருப்பேன். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டறவர், வாரக்கணக்கா வெளியில. இந்தத் தடவை நின்னுச்சுன்னா நின்னுச்சு, இல்லைன்னா இனிமே வேண்டாம்னு டாக்டர் அம்மா சொல்லிட்டாங்க. இது எங்க அக்காவுக்கும் நல்லாத் தெரியும்.

நாங்க கிணத்தடிக்குப் போனப்போ எங்க தெரு ஆளு ஒருத்தி, மேட்டுத் தெருவுல யாரோ இரக்கப்பட்டு மொண்டு ஊத்தின தண்ணியோட நின்னுக்கிட்டிருந்தா. அக்கா வந்தா. குடத்தை வாங்கி அப்படியே சாக்கடையில கவுத்தா. அப்புறம் என் மாமியார் பக்கம் திரும்பினா.

"உங்க குடத்துல என்ன ஒட்டிக்கிட்டு வருதோ, எனக்கெப்படித் தெரியும்? உங்க தெரு நாறிப்போச்சு. இந்தக் கிணத்தையும் நாற அடிக்கணுமா?"

"அக்கா, அவங்களுக்கு வேண்டாம். எனக்கு மட்டும் கொடு. லாரித் தண்ணி வாயில வெச்சாலே குமட்டுது"ன்னேன். கெஞ்சினேன்னு சொல்றதுல எனக்கு வெக்கமில்ல.

"உனக்குக் கொடுத்தா நாளைக்கு உன் தெரு முழுக்க வயித்தைத் தள்ளிக்கிட்டு வந்து நிக்கும்"னா. பின்னாடி நின்ன ரெண்டு பொம்பளைங்க சிரிச்சாங்க. அக்காவும் சிரிச்சா. எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. கூடப்பொறந்தவளாச்சேன்னு வாயை மூடிக்கிட்டு வரல, வாயில வந்ததையெல்லாம் சொல்லிட்டுத்தான் வந்தேன். வர்ற வழியெல்லாம் என் மாமியார் வெறுங்குடத்தை இடுப்புலயே வெச்சுக்கிட்டு நடந்தாங்க. கீழ இறக்கித் தூக்கிட்டு வர அவங்களுக்குத் தோணவே இல்ல.

லாரித் தண்ணியில ரப்பர் வாசனையும் மருந்து வாசனையும் சேர்ந்து அடிக்கும். காய்ச்சிப் பார்த்தோம், துணியில வடிகட்டிப் பார்த்தோம். உள்ளே போனது அதே வேகத்துல வெளியில வரும். நாக்கு வறண்டு, உதடு வெடிச்சு, நான் சுருண்டு கிடந்தேன். தண்ணி போகலைன்னா இதுவும் நிக்காதுன்னு டாக்டர் அம்மா முகத்துக்கு நேராச் சொல்லிட்டாங்க.

அப்போதான் அத்தான் வந்தார். அக்கா வீட்டுக்காரர். அந்த மனுஷன் வாயில்லாப் பூச்சி. ஒரு வார்த்தை பேசணும்னா முன்னாடி ரெண்டு தடவை இருமுவார். எங்க அக்கா கூட இத்தனை வருஷம் குடித்தனம் பண்றவர் வேற எப்படி இருப்பார்? காலையில பால் வாங்கப் போற சாக்குல, பைக்குல ஒரு வெள்ளைக் கேனை மாட்டிட்டு எங்க வீட்டுப் பின்வாசல்ல வந்து நின்னார்.

"உங்க அக்கா குளிக்கப் போயிருக்கா. வீட்டுக் குடத்துலேர்ந்து சாய்ச்சுட்டு வந்தேன். நீ குடிம்மா. யார்கிட்டயும் சொல்லாத."

குடிச்சேன். குமட்டல. ஜில்லுன்னு, லேசா இனிச்சுக்கிட்டு உள்ளே இறங்குச்சு. நான் அழுதுட்டேன். அத்தான் இருமினார், பைக்கை எடுத்தார்.

அன்னையிலேர்ந்து தினமும் கேன் வந்துச்சு. மழை பெஞ்சாலும் வந்துச்சு. என் மாமியார் அதுல ஒரு வாய் தொட மாட்டாங்க. "எனக்கு எந்தத் தண்ணியா இருந்தா என்ன, இந்தக் கட்டைக்கு எல்லாம் ஒண்ணுதான். மிச்சம் வெக்காம நீயே குடி"ம்பாங்க. ராத்திரி கேன்ல கொஞ்சம் மீந்துச்சுன்னாக்கூட, டம்ளர்ல ஊத்தி என் கையில கொடுத்துட்டுத்தான் படுப்பாங்க. நான் தேறினேன். முகத்துல ரத்தம் வந்துச்சு. வயிறு மேடு தட்டிச்சு. அசைவு தெரிஞ்ச அன்னைக்கு, முதல்ல என் மாமியார்கிட்ட சொன்னேன், அடுத்து அத்தான்கிட்ட சொன்னேன். அவர் இருமாமலே சிரிச்சார்.

வேலைக்குத் திரும்பினேன். குழிப்பக்கம் போகாதே, காத்து ஆகாதுன்னு அம்புக்குறி என்னைத் தகரக் கொட்டாய்ல உட்கார வெச்சு, கணக்குப் பார்க்கச் சொன்னார். அதுலதான் விஷயம் இடிச்சுச்சு. குழியில கொட்டினதா ஊர்க்காரங்க சொன்னதுக்கும், நாங்க உறிஞ்சி எடுத்ததுக்கும் ஏணி வெச்சாலும் எட்டல. பள்ளத் தெருப் போர்ல எல்லாம் விஷம் குறைஞ்சுக்கிட்டே வருது. குறைஞ்சா சந்தோஷம்தானேன்னு அம்புக்குறி கையைத் தட்டினார். எனக்குத் தட்டத் தோணல. கொட்டினது காத்துல கரையலையே. எங்கயோ போய் உட்கார்ந்திருக்கு.

"சார், மேட்டுப் பக்கம் ஒரு போர் போட்டுப் பார்ப்போம்"னேன்.

"விஷம் மேட்டுக்கு ஏறுமாம்மா? படியேறிப் போகுமா?"

"களிமண் எப்படிச் சாயுதுன்னு அந்தப் பக்கம் நாம பார்க்கவே இல்லையே சார்."

மூஞ்சியைச் சுளிச்சார். ஒரே ஒரு போர், அதுக்கு மேல கேட்கக் கூடாதுன்னார். இடத்தை நீயே காட்டிக்கோன்னார்.

இடத்தைக் காட்டினேன். எங்க அக்கா வீட்டு வாசல்.

படிச்ச படிப்புப்படி பார்த்தாலும் அந்த இடம் சரிதான், யார் கேட்டாலும் காரணம் சொல்லுவேன். ஆனா உண்மையைச் சொல்லணும்னா, போர் வண்டி அவ வாசல்ல நின்னு தடதடன்னு வீட்டையே ஆட்டணும், சேறு தெறிச்சு அவ வெளுத்துக் காயப்போட்ட துணியில விழணும்னு எனக்கு ஆசையா இருந்துச்சு. ஆறு மாச வயித்தோட நாற்காலியைப் போட்டு எதிர்ல உட்கார்ந்து வேடிக்கை பார்க்கணும்னு இருந்துச்சு. அதுல என்ன தப்பு? குடத்தைச் சாக்கடையில கவுத்தது நான் இல்லையே.

வண்டி வந்ததும் அக்கா வாசல்ல வந்து நின்னா.

"என் வாசல்தான் கிடைச்சுதா உனக்கு?"

"ஆமா. உன் வாசல்தான் கிடைச்சுது."

"வயித்தெரிச்சல்டி உனக்கு. நாங்க நல்ல தண்ணி குடிக்கிறது உனக்குப் பொறுக்கல. எதையாவது எழுதி இந்தக் கிணத்தையும் மூடிட்டுப் போகலாம்னு பார்க்கிற."

"உன் கிணத்தை எவ கேட்டா? நீயே கட்டிக்கிட்டு அழு"ன்னேன். அத்தான் திண்டாட்டமா உள்ளேயும் வெளியேயும் நடந்துக்கிட்டிருந்தார். எனக்கு அவரைப் பார்த்தாத்தான் பாவமா இருந்துச்சு.

போர் வண்டி அண்ணன் வேலையை ஆரம்பிச்சார். இது தண்ணிக்குப் போடுற போர் மாதிரி கிடையாது. குழாயை உள்ளே அடிச்சு, உள்ளே இருக்கிற மண்ணைக் கலையாம அப்படியே நீளமா எடுப்பாங்க. எடுத்ததை மரப்பெட்டியில வரிசையா வெச்சுடுவாங்க. நான் அதைக் கீறிப் பார்ப்பேன், கையில உருட்டிப் பார்ப்பேன், அப்புறம் மோப்பக் கருவியை வெச்சுப் பார்ப்பேன். மண்ணுலேர்ந்து ஆவி வந்தா அது பீப் பீப்னு கத்தும். எங்க ஆளுங்க அதுக்கு 'நாய்'னு பேரு வெச்சிருக்காங்க. "நாய் குரைக்குதா மேடம்?"னு கேட்பாங்க. குரைச்சா விஷம்.

மேல் மண்ணு வந்துச்சு. நாய் வாயைத் திறக்கல. மணல் வந்துச்சு. அப்பவும் திறக்கல. பள்ளத் தெருவுல எந்த ஆழத்துல களிமண் வந்துச்சோ அந்த ஆழமும் வந்துச்சு. களிமண்ணைக் காணோம். மணல்தான். போகப் போகக் கரடு மணல், அப்புறம் கூழாங்கல். வழவழன்னு உருண்டு போன கூழாங்கல். அதைக் கையில எடுத்ததும் எனக்குச் சுரீர்னுச்சு.

ஆறு. எந்தக் காலத்துலயோ இங்க ஆறு ஓடியிருக்கு. களிமண்ணை ஆழமா அறுத்துட்டு ஓடியிருக்கு. அப்புறம் மணல் வந்து மூடி, அது மேல மண்ணு வந்து மூடி, மனுஷங்க வந்து வீட்டைக் கட்டி மேட்டுத் தெருன்னு பேரும் வெச்சுட்டாங்க. மேல பார்த்தா மேடு. அடியில இருக்கிற களிமண்ணுக்கு இதுதான் பள்ளம். அந்தக் கிணறு எந்தக் கோடையிலயும் வத்தாததுக்குக் காரணமும் இதேதான். அக்கம்பக்கத்து ஊத்தெல்லாம் அந்தப் பள்ளத்துலதான் வந்து சேருது. ஊத்து மட்டுமா சேரும்?

"மேடம், களிமண் தட்டிடுச்சு"ன்னார் அண்ணன்.

கடைசிக் குழாயைப் பெட்டியில வெச்சார். மேல பாதி கூழாங்கல், கீழ பாதி சாம்பல் நிறக் களிமண். ரெண்டும் சேர்ற இடத்துல எண்ணெய் தடவின மாதிரி பளபளன்னு இருந்துச்சு. நாயைக் கிட்ட கொண்டு போறதுக்கு முன்னாடியே குரைக்க ஆரம்பிச்சுடுச்சு. நிறுத்தவே இல்ல. அண்ணன் மூக்கைப் பொத்திக்கிட்டுப் பின்னால போனார்.

நான் பொத்திக்கல. அந்த வாசனை எனக்குப் பழக்கமா இருந்துச்சு. லேசா இனிப்பா ஒரு வாசனை. எங்க மோந்தோம், எங்க மோந்தோம்னு யோசிக்கிறேன், பிடிபடல. முகமூடியை மாட்டிக்கிட்டுக் களிமண்ணு ஆழத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். குழியிலேர்ந்து இந்த வாசலுக்குச் சரிவு. வாசலைத் தாண்டி நாலு வீடு போனாக் கிணறு.

அம்புக்குறிக்கு போன் பண்ணினேன். "மேட்டுப் பக்கமா? மீட்டர் கெட்டுப் போயிருக்கும், பேட்டரியை மாத்திப் பாரும்மா"ன்னார். போனை வெச்சுட்டேன். சந்தோஷமா இருந்துச்சு எனக்கு. ஆமா, சந்தோஷம்தான். பூட்டி வெச்சுக் குடிச்சியே, குடிடின்னு இருந்துச்சு. அது எவ்வளவு நேரம் இருந்துச்சுன்னா, வாய் உலர்ந்து போய், பையிலேர்ந்து என் தண்ணி பாட்டிலை எடுத்து, முகமூடியை இறக்கிட்டு மூடியைத் திறக்கிற வரைக்கும்.

நாய் என் மடியில கிடந்துச்சு. குரைச்சுது.

பெட்டியிலேர்ந்து வர்ற ஆவிக்குக் குரைக்குதுன்னு நெனைச்சேன். எழுந்து தெருக்கோடிக்குப் போனேன். அங்க மரத்தடியில காத்து சுத்தமா இருந்துச்சு, நாயும் அடங்குச்சு. பாட்டில் வாயில அதை வெச்சேன். திரும்பக் குரைச்சுது. மூடினேன், அடங்குச்சு. திறந்தேன், குரைச்சுது. அந்த வாசனையை எங்க மோந்தேன்னு அப்போ ஞாபகம் வந்துச்சு. தினமும் காலையில, வெள்ளைக் கேனைத் திறக்கிறப்போ.

வயித்துல கையை வெச்சேன். உள்ளே ஒரு உதை விட்டுச்சு. உதைச்சா நல்லாயிருக்குன்னு சொல்லுவாங்க. எனக்கு அப்படியே தரையில உட்காரணும் போல இருந்துச்சு, உட்கார்ந்தா எழுந்திருக்க மாட்டேன்னு தெரிஞ்சு நடந்தேன்.

அக்கா இன்னும் வாசல்லதான் நின்னுக்கிட்டிருந்தா.

"கிணத்தைத் திற"ன்னேன்.

"எதுக்கு?"

"அடியிலேர்ந்து தண்ணி எடுக்கணும். திறக்கலைன்னா பூட்டை உடைப்பேன்."

என் முகத்துல என்ன இருந்துச்சோ, எதிர்த்துப் பேசாம வந்தா. தெருப் பொம்பளைங்க ஒவ்வொருத்தியாக் கூடினாங்க. அத்தானும் பின்னாடி வந்து துவைக்கிற கல்லு பக்கம் நின்னார். அக்கா பூட்டைத் திறந்துட்டுச் சாவியைத் திரும்ப இடுப்புல சொருகினா. போர் வண்டி அண்ணன் கனம் கட்டின பாட்டிலை இறக்கினார். அது அடிக்குப் போய்த்தான் வாயைத் திறக்கும், மேல் தண்ணி உள்ளே போகாது. இத்தனை நாளா யாரும் பண்ணாத காரியம் அது ஒண்ணுதான். மேலே இழுத்துத் திறந்ததும் நாய் கத்தின கத்துல கிட்ட நின்னவங்க விலகினாங்க. மேலாப்புலயும் ஒரு வாளி மொண்டு வெச்சுப் பார்த்தேன். அதுக்கும் குரைச்சுது. முதல்ல எடுத்தப்போ மேல சுத்தமா இருந்துச்சு, இப்போ விஷம் மேல வரைக்கும் வந்துடுச்சு.

"இந்தத் தண்ணியை இனிமே யாரும் குடிக்கக் கூடாது. சமைக்கவும் கூடாது. குழியில கொட்டினதெல்லாம் இங்கதான் வந்து உட்கார்ந்திருக்கு"ன்னேன்.

யாரோ ஒருத்தி, "கொஞ்ச நாளா இனிக்குதேன்னு நான் அப்பவே சொன்னேனே"ன்னா. இன்னொருத்தி சேலைத் தலைப்பால வாயைத் துடைச்சுக்கிட்டே இருந்தா. ஒருத்தி கல்லு மேல உட்கார்ந்து, இதுலதானே பால் பவுடர் கலக்கிக் கொடுத்தேன்னு அழ ஆரம்பிச்சா. பள்ளத் தெரு ஆளுங்க சத்தம் கேட்டு வந்து தூரத்துல நின்னாங்க. அதுல ஒரு ஆள், "நல்லவேளை, நம்மளை விடல"ன்னு சொன்னது எல்லார் காதுலயும் விழுந்துச்சு.

அக்கா முகம் செத்துப் போச்சு. வாளியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா, அந்த ஆளைப் பார்த்தா. அப்புறம் அவளுக்கே உரிய அந்தக் கோபம் திரும்ப வந்துச்சு. அழ வேண்டிய இடத்துல எல்லாம் அவளுக்குக் கோபம்தான் வரும்.

"என்னடி பார்க்கிற? குளுகுளுன்னு இருக்கா? நாங்க குடிச்சோம், நாங்க சாகறோம், போ. ஆனா ஒண்ணு. நான் பூட்டு போடலைன்னா உன் தெரு மொத்தமும் இதைத்தான் குடிச்சிருக்கும். நீயும் குடிச்சிருப்ப. அன்னைக்குக் கையேந்திக்கிட்டு நின்னியே, நான் கொடுக்கல. கொடுத்திருந்தா? உன் வயித்துல இருக்கிறது நான் போட்ட பிச்சைடி. என் கால்ல விழணும் நீ."

பள்ளத் தெருவுல ரெண்டு பேரு தலையைக்கூட ஆட்டினாங்க. அவ சொன்னதுல அவங்களுக்கு ஒரு தப்பும் தெரியல. என் மாமியார் அவங்களோடதான் நின்னாங்க, அவங்க மட்டும் ஆட்டல. கண்ணு என் வயித்து மேலயே இருந்துச்சு.

நான் அத்தானைப் பார்க்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். அந்தப் பக்கமே திரும்பல. ஆனா இருமல் கேட்டுச்சு. ஒரு தடவை. ரெண்டு தடவை. அவர் பொண்டாட்டி இருக்காளேன்னு பார்க்கல, தெரு நிக்குதேன்னு பார்க்கல. கிட்ட வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் கேட்டார், ஆனா அங்க நின்ன எல்லாருக்கும் கேட்டுச்சு.

"இன்னைக்குக் காலையில கொண்டு வந்ததை... குடிச்சிட்டியாம்மா?"

இல்ல அத்தான், அப்படியே வெச்சிருக்கேன்னு சொல்லியிருக்கலாம். இவ்வளவு நாளும் செடிக்குத்தான் ஊத்தினேன்னு ஒரு பொய்யைச் சொல்லியிருந்தா அந்த மனுஷன் பொழைச்சிருப்பார். எனக்கு அவர் மேல ஒரு கோபமும் கிடையாது. இந்த ரெண்டு தெருவுலயும் எனக்கு நல்லது பண்ணணும்னு நெனைச்ச ரெண்டே பேர்ல அவர் ஒருத்தர். ஆனா என் வாயில பொய் வரல.

"குடிச்சேன் அத்தான். தினமும் குடிச்சேன். அத்தைக்குக்கூடக் கொடுக்காம நான் ஒருத்தியே குடிச்சேன்."

அவர் கல்லைப் பிடிச்சுக்கிட்டு மெதுவாக் கீழ உட்கார்ந்தார். இருமல்கூட வரல. அக்கா அவரைப் பார்த்தா, அப்புறம் என் வயித்தைப் பார்த்தா. அவ கை தானா இடுப்புக்குப் போய்ச் சாவியைத் தடவிப் பார்த்துச்சு. சாவி வெச்ச இடத்துலதான் இருந்துச்சு.